கடவுச்சொல்லை எங்கே வைப்பது?

இரவு 2 மணி. ஒரு நூலகம் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே இரண்டு கணிப்பொறிகள் மட்டும் விழித்திருக்கின்றன. ஒன்றில் நூல்களின் பட்டியல், உறுப்பினர் விவரம், யார் எந்த நூலை எடுத்துச் சென்றார் என்ற கணக்கு எல்லாம் அடங்கிய தரவுத்தளம் இருக்கிறது. மற்றொன்றின் வேலை, நாள்தோறும் இந்த நேரத்தில் அந்தத் தரவுத்தளத்தை முழுவதுமாகப் படி எடுத்து வைப்பது. முதல் கணிப்பொறியின் வட்டு ஒரு நாள் பழுதாகிப் போனால், இந்தப் படி ஒன்றே நூலகத்தைக் காப்பாற்றும்.

குறித்த நேரத்தில் படி எடுக்கும் நிரல் தானாக எழுந்து முதல் கணிப்பொறியின் கதவைத் தட்டுகிறது. "கடவுச்சொல்லைச் சொல்" என்கிறது தரவுத்தளம். சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை. நூலகர் வீட்டில் உறங்கிக் கொண்டிருக்கிறார்.

ஆளில்லாத நேரத்தில் கடவுச்சொல்லை யார் சொல்வது? சிறிய கேள்விதான். ஆனால் வங்கி, மருத்துவமனை, தேர்வு அலுவலகம் என்று கணிப்பொறி இரவில் தனியே வேலை செய்யும் இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. பலர் இதற்குக் காணும் விடை, தொல்லை இல்லாதது போல் தோன்றிப் பின்னால் பெருந்தொல்லை தருவதாக இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் இதற்குச் செய்துள்ள ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்ற பேராசிரியர் முன்பு 'இங்கிரெஸ்' என்ற தரவுத்தளத்தை உருவாக்கியிருந்தார். அதற்குப் பின் வந்தது என்ற பொருளில், 1986-இல் தொடங்கிய அடுத்த ஆய்வுக்குப் 'போஸ்ட்கிரெஸ்' என்று பெயர் வைத்தார். 1996-இல் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆயிற்று. காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம். இதன் சின்னம் யானை. நாம் சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ் என்றே சொல்வோம்.

தரவுத்தளம் இருக்கும் கணிப்பொறியைச் 'சர்வர்' என்பார்கள். உணவு விடுதியில் நீங்கள் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவரையும் சர்வர் என்கிறோம் அல்லவா? இரண்டும் ஒரே சொல்தான், ஒரே வேலைதான். கேட்கும் பக்கத்தில் இருப்பதை 'வாடிக்கை நிரல்' என்போம். சர்வரும் வாடிக்கை நிரலும் பேசத் தொடங்குமுன் கடவுச்சொல் பரிமாற்றம் நடக்க வேண்டும். ஆகவே கடவுச்சொல் பற்றிய குறிப்பு இரு முனையிலும் இருந்தாக வேண்டும். ஆனால் இரு முனையிலும் அது ஒரே மாதிரி இருக்கக் கூடாது. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

சர்வர் பக்கத்துக் கோப்பு

முதலில் சர்வர் பக்கம். இந்தப் பாடத்தைக் கணிப்பொறி உலகம் பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் 'சிடிஎஸ்எஸ்' என்ற அமைப்பை ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர் குழுவினரும் உருவாக்கி, 1961-இல் இயக்கிக் காட்டினர். பலர் பயன்படுத்துவதால் ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தார்கள். எல்லாருடைய கடவுச்சொற்களும் ஒரு கோப்பில், எழுதியது எழுதியபடியே, சேமிக்கப்பட்டிருந்தன. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு ஒதுக்கப்பட்ட கணிப்பொறி நேரம் போதவில்லை. அந்தக் கோப்பை அச்சிட்டுத் தரும்படி கணிப்பொறிக்கே வேண்டுகோள் கொடுத்தார். அதுவும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. மற்றவர்களின் நேரத்தில் தம் ஆய்வை முடித்துக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே இதைச் சொன்னார்.

அதே அமைப்பில் 1960-களின் நடுவில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கடவுச்சொல் கோப்பை ஒரு பொறுப்பாளரும், நுழைவோர் அனைவருக்கும் காட்டப்படும் அன்றாட அறிவிப்பை இன்னொரு பொறுப்பாளரும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள். திருத்தும் நிரல் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கியது. கோப்புகள் இடம் மாறிவிட்டன. அன்று உள்ளே நுழைந்த ஒவ்வொருவரின் முன்னும், அறிவிப்புக்குப் பதிலாக, அனைவருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன!

கோப்பு எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் ஒரு நாள் வெளியே போகும். அப்படிப் போனாலும் கெடுதல் வராதபடி செய்ய வேண்டும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதம் இதற்கு வழி கண்டார். மாரிஸ் வில்க்ஸ் 1968-இல் வெளியிட்ட நூலில் அது விளக்கப்பட்டது. கடவுச்சொல்லை வைக்காதே; அதை ஒருவழிக் கணக்கில் போட்டு வரும் விடையை மட்டும் வை. ஒருவழிக் கணக்கு என்பது அரைத்த மாவைப் போன்றது. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. நீங்கள் சொல்லும் சொல்லைச் சர்வர் மீண்டும் அரைத்துப் பார்க்கும். முன்பு வைத்த மாவோடு ஒத்துப்போனால் கதவைத் திறக்கும்.

யூனிக்ஸ் அமைப்பை ஆக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும், ராபர்ட் மாரிஸும் 1979-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றும் படிக்கத் தக்கது. தாங்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு மிகச் சிறியவையாகவோ அகராதியில் உள்ளவையாகவோ இருந்தன என்று அவர்கள் கண்டார்கள். திருடன் மாவை அரிசியாக்க வேண்டியதே இல்லை. அகராதியிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிட்டால் போதும். இதைக் கடினமாக்க, ஒவ்வொருவர் கடவுச்சொல்லோடும் தற்செயலான ஓர் எண்ணைக் கலந்து அரைத்தார்கள். அந்த எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் 'உப்பு'. உப்பு வேறானால் ஒரே சொல்லுக்கும் மாவு வேறாகிவிடும். ஒருமுறை அரைத்த அகராதி எல்லாருக்கும் பயன்படாது.

இன்று போஸ்ட்கிரெஸ் செய்வதும் இதன் வளர்ச்சிதான். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் 'ஸ்க்ராம்' என்ற முறை சேர்க்கப்பட்டது. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து புதிய கடவுச்சொற்களை அந்த முறையில் சேமிப்பதே இயல்பான வழக்கம். உப்புச் சேர்த்து, ஒருமுறை அல்ல, 4,096 முறை அரைக்கிறார்கள். கடவுச்சொல் கம்பி வழியே போவதும் இல்லை. ஒவ்வோர் இணைப்பிலும் இரு பக்கமும் புதிய தற்செயல் எண்களைச் சொல்லிக்கொள்ளும். வாடிக்கை நிரல் அவற்றையும் கடவுச்சொல்லையும் கலந்து ஒரு சான்றைக் கணக்கிட்டு அனுப்பும். நேற்றைய சான்றை ஒட்டுக்கேட்டு வைத்திருப்பவனுக்கு இன்று அது உதவாது. சர்வரின் கோப்பைத் திருடியவனும் அதை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது. இதற்கு முன்பிருந்த 'எம்டி5' முறையில், சேமித்த மாவு ஒன்றே உள்ளே வரப் போதுமானதாக இருந்தது. அதைக் கைவிடச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வாடிக்கைப் பக்கம்

இப்போது நம் நூலகத்தின் இரண்டாம் கணிப்பொறிக்கு வருவோம். அங்கேயும் மாவை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா?

முடியாது. சர்வர் சரிபார்க்கிறது, வாடிக்கை நிரலோ தன்னை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க எது போதுமோ அது முழுமையாகக் கையில் இருக்க வேண்டும். எந்த உருவில் வைத்தாலும் சரி, அதைக் கொண்டு நம் நிரல் உள்ளே போக முடியுமென்றால், அதைத் திருடியவனும் போக முடியும். "பூட்டு மொழியில் எழுதி வைத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். இரவில் அதைத் திறக்க நிரலுக்குச் சாவி வேண்டும். சாவியை ஒரு பெட்டியில் பூட்டினால், பெட்டியின் சாவியை எங்கே வைப்பது? கடைசிச் சாவி எங்கோ ஓரிடத்தில் பூட்டில்லாமல்தான் இருக்கும்.

ஆகவே வாடிக்கைப் பக்கத்தில் கடவுச்சொல்லை வெளிப்படையாகவே எழுதி, அந்தத் தாளை யார் பார்க்கலாம் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருப்பது என்று போஸ்ட்கிரெஸ் முடிவு செய்தது. கேட்டவுடன் இது அசட்டுத் துணிச்சல் போலத் தோன்றும். என் எண்ணத்தில் இது நேர்மையான முடிவு. மறைத்தது போல் நடிப்பதைவிட, இது மறைக்கப்படவில்லை என்று தெரிந்து காப்பது நல்லது.

மற்ற வழிகள் எப்படிக் கெடுகின்றன என்று பார்த்தால் இதன் அருமை விளங்கும். சிலர் படி எடுக்கும் கட்டளைத் தொகுப்பிலேயே கடவுச்சொல்லை எழுதிவிடுகிறார்கள். அந்தத் தொகுப்பு நாலு பேர் கைமாறும், திருத்தத்துக்குப் போகும், நண்பருக்கு மாதிரியாக அனுப்பப்படும். சிலர் அதைக் கட்டளை வரியிலேயே சேர்க்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கட்டளைகளின் பட்டியலை அதே கணிப்பொறியின் மற்றப் பயனர்களும் பார்க்கலாம். 'பிஜிபாஸ்வேர்டு' என்ற சூழல் மாறியில் வைப்பதும் உண்டு. சில இயங்குதளங்களில் அதையும் மற்றவர் பார்க்க இயலும் என்பதால், போஸ்ட்கிரெஸ் கையேடே அது வேண்டாம் என்கிறது. இன்னும் சிலர், சர்வரின் அனுமதிக் கோப்பில் 'டிரஸ்ட்' என்று எழுதி, கடவுச்சொல்லே கேட்காதபடி செய்துவிடுகிறார்கள். கதவு கிறீச்சிடுகிறது என்று கதவையே கழற்றி வைப்பது போன்றது இது.

(தரவுத்தளமும் படி எடுக்கும் நிரலும் ஒரே யூனிக்ஸ் கணிப்பொறியில் இருந்தால் கடவுச்சொல் தேவையே இல்லை. வந்திருப்பவர் யார் என்று இயங்குதளத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் 'பியர்' முறை இருக்கிறது. நம் நூலகத்தில் இரண்டும் வேறு வேறு கணிப்பொறிகள்; ஆகவே அது உதவாது.)

ஐந்து கட்டங்கள்

கடவுச்சொல் கோப்பின் பெயர் '.பிஜிபாஸ்'. முதலில் ஒரு புள்ளி, பிறகு பெயர். இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறோம். கணிப்பொறியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். யூனிக்ஸ், லினக்ஸ் வகை இயங்குதளங்களில் இது பயனரின் சொந்தக் கோப்புறையில் இருக்க வேண்டும். புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸில் புள்ளி கிடையாது; 'பிஜிபாஸ்.கான்ஃப்' என்ற பெயரில், பயனரின் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்ற உட்கோப்புறையில் இருக்கும். வேறிடத்தில் வைக்க விரும்பினால் 'பிஜிபாஸ்ஃபைல்' என்ற சூழல் மாறியில் அந்த இடத்தைச் சொல்லிவிடலாம்.

கோப்பின் ஒவ்வொரு வரியும் ஓர் இணைப்புக்கு உரியது. வரியில் ஐந்து கட்டங்கள், இடையிடையே முக்காற்புள்ளி:

சர்வரின் பெயர்:போர்ட் எண்:தரவுத்தளம்:பயனர்:கடவுச்சொல்

நம் நூலகத்துக்கு எழுதினால் இப்படி இருக்கும்:

நூலகசர்வர்:5432:புத்தகம்:படியாளர்:மழை9நாவல்காடு

5432 என்பது போஸ்ட்கிரெஸ் வழக்கமாகக் காத்திருக்கும் போர்ட் எண். கடவுச்சொல்லிலேயே முக்காற்புள்ளியோ பின்சாய்கோடோ வந்தால், அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு இட வேண்டும். இல்லாவிட்டால் கட்டம் அங்கேயே முடிந்ததாகக் கணிப்பொறி எடுத்துக்கொள்ளும். ஹாஷ் குறியில் தொடங்கும் வரி வெறும் குறிப்பு. அதை நிரல் பொருட்படுத்தாது.

முதல் நான்கு கட்டங்களில் எதிலும் நட்சத்திரக் குறி இடலாம். "எதுவானாலும் சரி" என்று அதற்குப் பொருள். இது வசதியானது, ஆபத்தானதும்கூட. சர்வர் பெயருக்கு நட்சத்திரம் இட்டால், நீங்கள் எந்தச் சர்வரோடு பேசினாலும் அதே கடவுச்சொல் எடுக்கப்படும். எதிரே இருப்பது போலிச் சர்வராக இருந்து, கடவுச்சொல்லை வெளிப்படையாகவே கேட்டால், அதற்கும் போய்ச் சேரும். தரவுத்தளத்தின் பெயருக்கு நட்சத்திரம் இடலாம். சர்வரின் பெயருக்கு வேண்டாம்.

வரிகளின் வரிசையும் முக்கியம். நிரல் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். அந்தக் கடவுச்சொல் தவறானால் அடுத்த வரியை முயன்று பார்க்காது. எனவே குறிப்பான வரிகள் மேலே, நட்சத்திர வரிகள் கீழே.

பொருத்தம் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இங்கேதான் பலர் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நிரல் எழுத்தைத்தான் ஒப்பிடும், பொருளை அல்ல. கோப்பில் 'நூலகசர்வர்' என்று பெயரை எழுதிவிட்டுக் கட்டளையில் அந்தச் சர்வரின் எண் முகவரியைக் கொடுத்தால், இரண்டும் ஒரே கணிப்பொறிதான் என்று அதற்குத் தெரியாது. ராமசாமி என்று அடையாளச் சீட்டில் இருக்க, ராமு என்று பெயர் கொடுத்தவரை நிறுத்திவைக்கும் காவலரைப் போல அது நடந்துகொள்ளும். கட்டளையில் எப்படியோ கோப்பிலும் அப்படியே எழுதுங்கள்.

600 என்ற எண்

கோப்பை எழுதியாயிற்று. இனி அதன் காவல். யூனிக்ஸ் அமைப்பில் ஒவ்வொரு கோப்பையும் பற்றி மூன்று தரப்பாருக்கு அனுமதி சொல்லப்படும்: உரியவர், அவர் குழுவினர், மற்ற அனைவரும். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று எண்கள். படிக்கவும் எழுதவும் உரிமை என்றால் 4-ஐயும் 2-ஐயும் கூட்டி 6. ஆகவே 600 என்றால் உரியவர் படிக்கலாம், எழுதலாம், குழுவுக்குச் சுழி, பிறருக்கும் சுழி. 'சிஎச்மாட்' என்ற கட்டளைக்குப் பின் 600 என்ற எண்ணையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால் இந்த அனுமதி அமைந்துவிடும்.

இதை மறந்தால் என்ன ஆகும்? குழுவினருக்கோ பிறருக்கோ சிறு அனுமதி இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பைத் தொடவே தொடாது. ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, கோப்பே இல்லாதது போல் நடந்துகொள்ளும். மனிதர் முன்னே இருந்தால் எச்சரிக்கையைப் பார்ப்பார். இரவு 2 மணிக்கு யார் பார்ப்பது? படி எடுக்கும் வேலை கடவுச்சொல் இல்லாமல் நின்றுபோகும், மறுநாளும் நிற்கும். நூலகர் படி இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருப்பார். விண்டோஸில் இந்தச் சோதனை கிடையாது. கோப்புறை பத்திரமாக இருக்கிறது என்று நிரல் நம்பிக்கொள்கிறது; அங்கே பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

600 என்பது மற்றப் பயனர்களைத்தான் தடுக்கும். கணிப்பொறியின் தலைமைப் பயனர் எதையும் படிக்கலாம். உங்கள் சொந்தக் கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவில் படி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோப்பும் கூடவே போகும். அப்படி ஒரு நாள் வெளியே போய்விட்டால் இழப்பு எவ்வளவு என்பதை முன்பே நாம் தீர்மானித்து வைக்கலாம். 'படியாளர்' என்று தனிப் பயனரை உண்டாக்கி, படிக்கும் உரிமை மட்டும் கொடுப்பதே அந்த வழி. 14-ஆம் பதிப்பிலிருந்து, எல்லா அட்டவணைகளையும் படிக்க மட்டும் விடும் ஓர் ஆயத்த உரிமை போஸ்ட்கிரெஸிலேயே இருக்கிறது. அதைப் பெற்ற பயனரின் கடவுச்சொல் திருடுபோனால், உறுப்பினர் விவரங்களைத் திருடன் படித்துவிடுவான், அது தீங்குதான். ஆனால் கணக்கை மாற்றவோ அழிக்கவோ அவனால் முடியாது. தலைமைப் பயனரின் கடவுச்சொல்லை இந்தக் கோப்பில் எழுதுவோர் பலர். அவர்கள் வீட்டுச் சாவி கேட்ட பால்காரரிடம் பீரோச் சாவியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். இரவில் அந்த வேலை எந்தப் பயனரின் பெயரில் ஓடுமோ அந்தப் பயனராகவே நுழைந்து சோதிக்க வேண்டும். ஏனென்றால் தேடப்படுவது அவருடைய கோப்புறைதான், உங்களுடையது அன்று. பழைய 'பிஜிபாஸ்வேர்டு' மாறி எங்காவது மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் கோப்பு பார்க்கப்படுவதே இல்லை. படி எடுக்கும் 'பிஜி டம்ப்' நிரலுக்குக் கடவுச்சொல்லைக் கேட்காதே என்று சொல்ல ஒரு விருப்பக்குறி உண்டு. ஒரு கோடும் ஆங்கிலச் சிற்றெழுத்து 'டபிள்யூ'வும். அதோடு இயக்கினால், கோப்பு பொருந்தாத இடத்தில் நிரல் காத்து நிற்காமல் உடனே பிழை சொல்லும். கோப்பிலிருந்து எடுத்த கடவுச்சொல்லைச் சர்வர் ஏற்காவிட்டால், எந்தக் கோப்பிலிருந்து அது எடுக்கப்பட்டது என்பதையும் பிழைச் செய்தியிலேயே காணலாம்.

மறுநாள் காலை, படி வந்திருக்கிறதா, அதன் அளவு சுழியாக இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறையாவது அதை வேறொரு வெற்றுத் தரவுத்தளத்தில் மீட்டு, நீங்கள் அறிந்த நாலு நூல்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.